உலைக்களத்தில் பிறந்த அறிவியல்

பழனிக்கு வடக்கே, ஆன்பொருநை பாயும் பக்கம் நோக்கி விரிந்து கிடக்கும் நிலப்பரப்பில் உள்ளது கீரனூர். புதுக்கோட்டைப் பகுதியிலும் இப்பெயருடைய ஊர் ஒன்று உண்டு. ஈண்டுக் குறிப்பது திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூரையே. இவ்வூர்ப் பள்ளி மாணாக்கன் மைக்கேல் பாரடே என்னும் பெயரைப் படிக்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்ட இயலாது. காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நகர்த்தினால் மின் பிறக்கும் என்று 1831இல் கண்டவர் அவர். பாடத்தை அவன் மனப்பாடம் செய்கிறான், தேர்வில் எழுதுகிறான், ‘அறிவியல் என்பது வெள்ளையன் வீட்டுச் சரக்கு’ என்னும் எண்ணத்தையும் சேர்த்தே உள்வாங்கிக் கொள்கிறான். அதே பாரடே, மின்னாய்வில் புகழ் பெறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர், 1819இல், இந்நாட்டுக் கொல்லர் மண் மூசையில் உருக்கிய எஃகுத் துண்டை ஆய்ந்து கட்டுரை எழுதினார் என்பதை அவனுக்குச் சொல்வார் எத்தனை பேர்?

சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில்தான் தமிழன்பர்களுக்கும் ஒரு படிப்பினை உள்ளது.

கீரனூர் என்னும் பெயரிலிருந்தே தொடங்கலாம். கீர்தல் என்பது அறுத்தல், கீறுதல். சங்கை வாளால் அறுத்து வளை செய்தவரோடு கீரன் என்னும் பெயரைப் பழங்கதைகள் சேர்த்துப் பேசும். நக்கீரனார், மோசிகீரனார், இளங்கீரனார் என அப்பெயர் பூண்ட புலவர் கழகக் காலத்தில் பலர். அவருள் பொருந்தில் இளங்கீரனார் என்பார் இந்நிலத்துக்கு மிக நெருங்கியவர். அகநானூற்றிலும் புறநானூற்றிலும் அவர் பாடல்கள் உள்ளன. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலே அவர் ஊராகிய பொருந்தில் என்பர். அவர் பெயரால்தான் கீரனூர் ஏற்பட்டது என்று அடித்துச் சொல்ல வேண்டுவதில்லை. அங்ஙனம் சான்றின்றிச் சொல்லிச் சொல்லியே தமிழர் தம் உண்மைப் பெருமைகளையும் பிறர் நம்பாதபடி செய்துவிட்டனர்.

அப்பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசன் அகழாய்வு நிகழ்த்தினார். கண்ணாடி மணி செய்த உலையின் எச்சமும், மணிகள் ஆயிரக்கணக்கிலும் வெளிப்பட்டன. ஓர் ஈமக்குழியில் நெல் நிறைந்த தாழியும், தமிழி எழுத்துப் பொறித்த தாங்கியும் கிடைத்தன. அந்நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு விடுத்துக் கரிமக் காலக் கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்னும் காலம் கிட்டியது. மணலையும் உவரையும் உருக்கி நிறமேற்றி மணியாக்கும் கை ஒருபுறம். எழுத்துப் பொறிக்கும் கை மறுபுறம். இரண்டும் ஒரே ஊரில், ஒரே மண்ணில் கிடந்தன.

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இது இன்னும் தெளிவாக விளங்குகிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் அது. 1985 முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசைகளை அடுக்கிச் சுட்ட உலையின் அடையாளங்களும், மணிக்கல் அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், சங்கறுத்த எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றோடு, ஆட்பெயர் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கில். அரசனுடைய பட்டயமோ கோயில் கல்வெட்டோ அல்ல. தொழிலூர் ஒன்றில் வாழ்ந்தவர் தம் பானைமேல் தம் பெயரைக் கீறி வைத்தவை. கழகப் பாடல்களைத் தொகுத்தோர் மதுரைப் பெருங்கொல்லன் என்றொரு புலவரையும், தங்கால் பொற்கொல்லனார் என்றொரு புலவரையும் பெயர் சுட்டிக் காத்து வைத்திருக்கின்றனர். துருத்தி ஊதிய கை எழுத்தாணியும் பிடித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அந்த நாட்டில் அவ்விரு கைகளும் என்று பிரிந்தனவோ, அன்றே அறிவியலின் நடையும் தளர்ந்தது. கட்டுரையின் எஞ்சிய பகுதியெல்லாம் அப்பிரிவைப் பற்றியதே.

உருக்குச் செய்முறையைச் சற்று விரித்துப் பார்ப்போர்க்கு அதன் நுட்பம் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் பகுதிக் கொல்லர் செய்ததைக் கிழக்கிந்தியக் குழுமத்தின் சென்னைப் பணியிலிருந்த சோசையா மார்சல் ஈத்து என்னும் ஆங்கிலேயர் பார்த்து எழுதிவைத்துள்ளார். முதலில் இரும்புக்கல்லைக் கரியோடு உலையிலிட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்தனர். அவ்விரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கினர். களிமண்ணாற் செய்த மூசையில் அத்துண்டுகளையும், காய்ந்த ஆவாரங்குச்சியின் சிறு துணுக்குகளையும் இட்டு, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை மூடி, வாயைக் குழைத்த மண்ணால் காற்றுப் புகாமல் அடைத்தனர். மண் காய்ந்தபின் இருபது இருபத்துநான்கு மூசைகளைச் சிற்றுலை ஒன்றில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் இடைவிடாது துருத்தி ஊதினர். ஆறியபின் மூசையை உடைத்தால், அதன் அடி வடிவிலேயே எஃகுக் கட்டி இருக்கும்.

இதனுள் நிகழ்வது யாது? இரும்பு தானே மெத்தென்றது. கரிமம் ஒரு சிறு பங்கு அதனுள் புகுந்தால்தான் எஃகு ஆகும். ஆவாரங்குச்சி வெந்து கரியாகி அக்கரிமத்தைத் தருகிறது. பச்சிலை வெந்து விடும் வளி அடைத்த மூசைக்குள் சுழன்று இரும்பிற் கரிமம் ஏறுவதை விரைவுபடுத்துகிறது. கரிமம் ஏறிய இரும்பு குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஆகவே சிற்றுலையும் தோல்துருத்தியும் போதும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரிமம் கொண்ட இவ்வெஃகு, வாளாக அடிக்கப்பட்டபோது நீரலை போன்ற வரிகள் அதன்மேல் எழுந்தன. ஈத்து ஒன்றைக் கவனித்தார். இங்கிலாந்தில் முசெட்டு என்பார் 1800இல் இரும்பையும் கரியையும் மூசையில் உருக்குவதற்குக் காப்புரிமை பெற்றார். மக்கிந்தோசு என்பார் 1825இல் கரிம வளியால் இரும்பை எஃகாக்குவதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்விரண்டன் அடிப்படையும் சேலத்துக் கொல்லனின் ஒற்றை மூசைக்குள் அடங்கியிருந்தன! அவற்றைக் கொல்லன் எந்த அலுவலகத்திலும் பதிந்து வைக்கவில்லை.

ஆவாரை ஏன், எருக்கு ஏன் என்று அக்கொல்லனைக் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? ‘அப்பன் செய்தான், நான் செய்கிறேன்’ என்பதே பெரும்பாலும் விடையாக இருந்திருக்கும். அது அறியாமை அன்று. தலைமுறை தலைமுறையாகத் தவறியும் திருத்தியும் கண்ட முடிவு அது. கையில் இருந்த அறிவு. எனினும், கையறிவுக்கு ஒரு குறை உண்டு. அது தன்னைத்தான் கேள்வி கேட்டுக் கொள்ளாது. கேட்பதற்கு வேறு ஒருவர் வேண்டும். கேட்டதை எழுத ஏடு வேண்டும். எழுதியதை மறுக்க மூன்றாமவர் வேண்டும்.

அந்த மூவரும் இலண்டனில் கிடைத்தனர். 1790-களில் பம்பாயிலிருந்த மருத்துவர் எலினசு சுகாட்டு, இவ்வெஃகுக் கட்டிகளை இலண்டன் அரசக் கழகத் தலைவர் சோசப்பு பேங்சுக்கு விடுத்தார். 1795இல் சியார்சு பியர்சன் அதனை ஆய்ந்து அக்கழக இதழில் கட்டுரை வெளியிட்டார். கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘உக்கு’ என வழங்கும் சொல் ஆங்கிலேயர் வாயிலும் ஏட்டிலும் சிதைந்து ‘ஊட்சு’ ஆயிற்று. அவ்வுக்கும் தமிழின் உருக்கும் ஒரு வேரின் கிளைகள். ஈண்டு ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும்: இக்கலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கன்னட நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் இலங்கையிலும் உருக்கு உலைகள் எரிந்தன. இலண்டன் சென்ற முதற்கட்டிகள் தமிழ்நாட்டில் உருக்கப்பட்டவை என்று கூறச் சான்றில்லை. சொல்லும் தொழிலும் தென்மொழியினத்தார் அனைவர்க்கும் பொது. அதுவே போதிய பெருமை.

இனி பாரடேயைக் காண்க. அவர் தந்தை ஒரு கொல்லர். தாம் இளமையில் பொத்தகம் கட்டும் கடையிற் பணியாளாக இருந்தவர். பள்ளிப் படிப்பு மிகச் சிறிது. அவரோடு சேர்ந்து உருக்கை ஆய்ந்த சேம்சு சுடோடார்ட்டு பேரறிஞர் பட்டம் பெற்றவர் அல்லர். இலண்டனில் கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்றவர். இந்நாட்டு உருக்கால் கருவி செய்து பார்த்து, அது தம் நாட்டு எஃகினும் சிறந்தது என்று கண்டவர். கத்தி செய்பவரும் கொல்லன் மகனும் அரச நிறுவனத்து ஆய்வகத்தில் ஒன்று கூடி உருக்கின் உட்கூறு யாது என்று துருவினர். 1820இலும் 1822இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

அம்முடிவு தவறு என்பதுதான் இதில் சுவையான செய்தி. 1819இல் பாரடே தம் ஆய்வில் மணற்சத்தும் களிமண் சத்தும் இருக்கக் கண்டு, அலுமினியமே இவ்வெஃகின் சிறப்புக்குக் கரணியம் எனக் கருதினார். அது சரியன்று. ஆனால் அத்தவறான எண்ணமே, ‘எஃகில் வேறு மாழைகளைக் கலந்தால் என்னாகும்?’ என்னும் கேள்வியை எழுப்பியது. வெள்ளி, பிளாட்டினம், நிக்கல், குரோமியம் எனப் பலவற்றைக் கலந்து உருக்கிப் பார்த்தனர். கலப்பெஃகு என்னும் இன்றைய பெருந்துறையின் முதற்படி அது. பாரிசில் நாணயச்சாலையிற் பணியாற்றிய பிரெயான் என்பார் 1820-களின் தொடக்கத்தில் பல உருக்குகளைச் செய்து பார்த்து, வரிகளுக்குக் கரணியம் மிகுந்த கரிமமே என்று காட்டிப் பாரடேயைத் திருத்தினார். ஒருவர் சொன்னார், மற்றவர் மறுத்தார், இருவர் சொல்லும் அச்சேறியது, மூன்றாமவர் அதனின்றும் மேலேறினார். கையறிவு அறிவியலாவது இந்த ஏணியில்தான்.

ஈத்தின் கதை துயர் மிக்கது. தென்னாட்டு இரும்பை ஆங்கில முறையில் பெருக்க எண்ணிப் பரங்கிப்பேட்டையில் 1830இல் தொழிலகம் கண்டார். அது நிலைக்கவில்லை. இங்கிலாந்து திரும்பி 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்; செப்பீல்டுத் தொழிலகங்கள் அதனாற் கொழித்தன; ஆனால் அவர்க்கு உரிய பங்கைத் தராமல் ஏய்த்தன. வழக்காடி வழக்காடிப் பொருளிழந்து 1851இல் மறைந்தார். தமிழ்நாட்டுக் கொல்லனிடம் கற்றவரையே அவர் நாட்டு முதலாளிகள் இப்பாடு படுத்தினர் என்றால், கற்பித்தவனை யார் நினைப்பர்?

இக்கதை அங்கு முடியவில்லை. 1882இல் மாங்கனீசு எஃகு கண்ட இராபர்ட்டு ஆட்பீல்டு, பாரடேயின் உருக்குத் துண்டுகள் நூறாண்டுக்கு மேல் பெட்டியிற் காக்கப்பட்டிருக்கக் கண்டு, அவற்றை மீண்டும் ஆய்ந்து 1931இல் நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் வெர்ஓவன் என்னும் மாழையியற் பேராசிரியரும் பெண்டிரே என்னும் கொல்லரும் சேர்ந்து உருக்கு வாள்களை மீண்டும் அடித்துப் பார்த்து, வனேடியம் போன்ற மாழைகள் மிக மிகச் சிறிதளவு இருத்தலே வரிகள் எழுவதற்குத் துணை என்று 1998இல் எழுதினர். பழைய உலைக்களம் கிடந்த மண்ணிலோ, பெங்களூரைச் சார்ந்த சாரதா சீனிவாசன் தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் உருக்கு மூசைகளின் உடைசல்களைக் கண்டறிந்து ஆய்ந்தார். பேராசிரியரும் கொல்லரும் ஒரே கட்டுரைக்கு ஆசிரியராகப் பெயர் பொறிப்பது அமெரிக்காவில் இயல்பாயிருக்கிறது. தமிழ்நாட்டில் அது என்று நிகழும்?

மேடைதோறும் ‘எல்லாம் அன்றே எம்மிடம் இருந்தது’ என முழங்குவோர் உளர். போகர் வானூர்தி ஓட்டினார் என்பார், பழனி அடிவாரத்திலேயே உண்டு. அம்முழக்கத்தால் ஓர் ஆணிகூட வளையாது. உருக்கு உண்மை, அதற்கு உலையும் மூசையும் சான்று. வானூர்தி வெறுங்கதை, உண்மையை வெறுங்கதையோடு ஒரே தட்டில் வைத்தால் உண்மையும் கதையாகவே எண்ணப்படும். கேட்க வேண்டிய கேள்வி ‘இருந்ததா?’ என்பதன்று, ‘இருந்தது ஏன் வளரவில்லை?’ என்பதே.

வெள்ளையன் கெடுத்தான் என்பது விடையின் ஒரு பாதி. மலிவான ஆங்கில இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் போன்றவற்றால் காடு அரசுடைமையாகிக் கரிக்கு விறகு அரிதாயிற்று. துருத்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இவையெல்லாம் மெய். ஆனால், வெள்ளையன் வருமுன்னர் பல நூற்றாண்டுகள் இருந்தனவே! அந்நூற்றாண்டுகளில் எந்த மடத்துப் புலவர், எந்த அரசவை அறிஞர், உலைக்களத்துள் நுழைந்து ‘இக்குச்சி எற்றுக்கு?’ என்று கேட்டார்? கேட்டிருந்தால் ஏட்டில் இருக்கும். ஏடோ அந்தாதிக்கும் உலாவுக்கும் கோவைக்கும் போதவில்லை. பிறப்பினால் தொழிலைக் கட்டி, தொழிலினால் இழிவைக் கட்டி, கரிபிடித்த கையை ஏட்டின் அருகே வரவிடாமலும், ஏடு பிடித்த கையைக் கரியின் அருகே போகவிடாமலும் வைத்தது சாதி. தொழிலறிந்தவனும் அஞ்சினான், தன் குலத்துக்கு எஞ்சியிருந்த ஒரே உடைமை தன் தொழில்மறை, அதைப் பிறர்க்குச் சொல்லாமல் மகனுக்கு மட்டும் காட்டிவிட்டுச் செத்தான். மகன் இன்றேல் கலையும் அவனோடு வெந்தது. மதுரைப் பெருங்கொல்லன் பாடிய நாட்டில் பிற்காலத்துக் கொல்லனுக்கு எழுத்தே எட்டாக்கனியாயிற்று. இதை வெள்ளையன் தலையில் ஏற்றினால் அவன்கூட நகைப்பான்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அண்டைச் சேரநாடு ஒரு சான்று. டச்சுக்காரரான வான் இரீடு, கொச்சியில் ஆட்சித் தலைவராயிருந்தபோது, இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரிடம் செடிகொடிகளின் பெயரும் பயனும் கேட்டு எழுதுவித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்சுட்டர்டாமில் பன்னிரண்டு பெருமடலங்களாக அந்நூல் வெளிவந்தது. அச்சுதனின் வாக்குமூலமும் அதில் அச்சேறியது. பின்னர் 1753இல் செடிகளுக்கு ஈருறுப்புப் பெயரிட்ட இலின்னேயசு அந்நூலை எடுத்தாண்டார். சேலத்துக் கொல்லருக்கு அந்நற்பேறும் வாய்க்கவில்லை. ஈத்தின் கட்டுரையில் முசெட்டுக்கும் மக்கிந்தோசுக்கும் பெயர் உண்டு, மூசை அடைத்தவனுக்குப் பெயர் இல்லை.

மறுபாதி விடை மொழியைப் பற்றியது. கையறிவை வினவி எழுதும் மொழி, அக்கையினர் பேசும் மொழியாக இருந்தாலன்றி இருவரும் உரையாட இயலாது. தமிழில் அறிவியல் கூறவியலாது என்று இன்றும் சொல்வோர்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடை கூறும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் இலங்கை வந்து, தமிழ் கற்று, மேலை மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரணவைத்தியம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என நூல்கள் வெளிவந்தன. நூற்பெயர்கள் தனித்தமிழன்பர் செவிக்குக் கரடாகத்தான் இருக்கும்; வேதியியல் என்னும் அழகிய சொல் அன்று அவர்க்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்நூலைக் கற்ற தமிழர் அறுவை செய்தனர், நோயர் பிழைத்தனர். அயலான் ஒருவன் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் முடித்துக் காட்டியதைத் தமிழ்நாட்டின் கல்லூரிகள் இன்னும் ‘இயலுமா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916ஆம் ஆண்டில், சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு கழகம் தோன்றியது. அதனை நடத்தியவருள் ஒருவர் இராசகோபாலாச்சாரியார். பின்னாளில் பள்ளியில் இந்தியைத் திணித்தவர் அவரே என்பதைத் தமிழர் மறவார். எனினும் இந்நற்பணியை அவர் கணக்கில் எழுதாமல் விடுவதும் முறையன்று. உருக்கு பிறந்த சேலத்திலேயே சொல்லாக்கக் கழகமும் பிறந்தது. ஆனால் அவர்கள் சொல் தேடியது ஆங்கில அகரமுதலியின் பக்கங்களில். ஊர்ப்புறத்து உலைக்களத்தில் அன்று. பின்னர்ப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 தொட்டுக் கலைக்களஞ்சியத்தை மடலம் மடலமாக வெளிக்கொணர்ந்தார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழி தொடங்கியது. தொடங்கியவை யாவும் நல்லன. ஆனால் ஊர்ப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகும்போது, தமிழ்வழிப் பொறியியல் வேரற்ற மரத்துக்கு உச்சியில் நீர் ஊற்றுவதாகவே முடியும்.

தமிழன்பர்களின் சொல்லாக்கத்திலும் ஒரு குறை உண்டு. அதையும் ஒளிக்காமல் கூறுவதே நன்று. ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டவுடன் வேர்ச்சொல் தேடிப் புதுச்சொல் வடிக்கும் திறமையில் குறைவில்லை. ஆனால் அப்பொருளைக் கையாள்பவன் ஏற்கெனவே என்ன சொல்கிறான் என்று கேட்கும் பொறுமை குறைவு. காய்ச்சிய எஃகை நீரில் முக்கி வலுவேற்றுவதைத் தோய்ச்சல் என்றான் கொல்லன். இரு மாழைத் துண்டுகளைப் பொருத்தும் கலவையைப் பற்றாசு என்றான். உருக்கியபின் ஒதுங்கும் கழிவைச் சிட்டம் என்றான். துருத்தி, மூசை, பதம், வார்ப்பு எனச் சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றுட் பற்றாசு போன்ற சில பாடநூலேறியுள்ளன, பல ஏறவில்லை. பட்டறைச் சொல் இருக்க, மேசைமேல் புதுச்சொல் வடிப்பது, எழுத்தாணிக்கும் துருத்திக்கும் இடையே சாதி கட்டிய சுவரைத் தமிழாலேயே இன்னோர் அடி உயர்த்துவதாகாதா?

உருக்கு உலைகள் அணைந்துவிட்டன. அவற்றில் ஊதியவர் யாரும் இன்று இல்லை. ஆனால் கீரனூர் இருக்கும் இதே மாவட்டத்தில், அணையாத பட்டறைகள் இன்னும் சில உள்ளன. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும், கையைக் காக்காது. வடநாட்டு அலிகாரிலிருந்து வரும் பொறியாற் செய்த மலிவுப் பூட்டோடு போட்டியிட மாட்டாமல் கைப்பூட்டுப் பட்டறைகள் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றில் வேலை செய்வோர் பலர் முதியவர். தம் மக்களை அவர்கள் இத்தொழிலுக்கு விடுவதில்லை, விடவேண்டுமென்று கேட்கும் உரிமையும் எவர்க்கும் இல்லை. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என வகைவகையாகச் செய்தவர்கள் அவர்கள். நெம்புகோல் எத்தனை, திறவுகோலின் பல் எத்தனை, எத்தனை சுற்றுக்கு நாக்கு உள்ளே போகும் என்று அளவுகோலின்றி அரத்தாலேயே கணித்தவர்கள். நெம்புகோல், வில்விசை, உராய்வு என்று எட்டாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல் முழுவதும் அப்பூட்டுக்குள் இருக்கிறது. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டறையில் ஒரு பெயரும் இருக்கிறது.

அப்பெயர்களை எழுதிக்கொள்ள ஈத்தைப் போல் ஓர் அயலான் கப்பலேறி வரவேண்டுவதில்லை. கீரனூர்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாளொன்றில் மாணாக்கர் பதின்மரைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துச் செல்லலாம். ஒரு பூட்டைப் பிரித்து, உறுப்புகளைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் செய்தவர் சொல்லும் சொல்லை எழுதி, அடியில் அவர் பெயரையும், அவர் இசைந்தால், எழுதலாம். இது ஏன் இப்படி வளைந்திருக்கிறது, அந்தப் பல்லை ஓர் இழை குறைத்தால் என்னாகும் என்று கேட்கலாம். அவர் அறிந்தால் சொல்வார். அறியாவிட்டால், அரத்தை எடுத்து ஓர் இழை குறைத்து, திறவுகோலை மாணாக்கன் கையில் கொடுத்து, திருப்பிப் பார்க்கச் சொல்வார்.